மணிக்குள் துணி

மழை பொய்த்துப்போன மணற்பூமியில் பச்சை மிஞ்சியிருந்தது, வேலிபோட்டு அடைத்த காட்டுக்குள்தான். அங்கே மேய்த்துப் பிடிபட்டால் வனக்காவலர்கள் மந்தையையே ஓட்டிப்போய்விடுவார்கள். ஆடுகளின் கழுத்துமணிகளுக்குள் என் பழஞ்சேலையைக் கிழித்துத் திணித்து, சத்தமில்லாமல் உள்ளே விட்டோம். பொழுது சாய எல்லாம் வெளியே வந்தன. சினையாடு செவலை மட்டும் வரவில்லை. மணி ஒலிக்காததால் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை.

“கூப்பிட்டுராதீங்க மதினி, ஜீப்பு அங்கனதான் நிக்கி,” என்றாள் நாத்தனார் வடிவு. “மணிய அடைச்சாச்சு, உங்க வாய எத வச்சு அடைக்க?”

செவலை என் குரலுக்கு மட்டுமே வரும். முள்ளுக்குள் எங்கோ மெல்லக் கத்தியது. பதில் சொல்ல என் தொண்டை தானாகத் திறந்தது. மிச்சத் துணியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். செவலை மறுபடி கத்தியது. பிறகு கத்துவதை நிறுத்தியது, என் குரல் கேட்கிறதா என்று.