கண் வைத்த பாத்திரம்

"இந்தக் கைடுக்கு யாரும்மா இங்க வேலை குடுத்தாங்க?" மகள் அம்மாவின் காதைக் கடித்தாள்.

அம்மா மியூசியத்தின் கல் சுவரை, விலைக்கு வாங்கப் போகிறவள் மாதிரி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்குக் காலையிலிருந்தே குழப்பம்தான். வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிற அம்மா, "அந்தப் பழைய கோட்டைக் காவல் வீட்டுல மியூசியம் இருக்காம், போயே ஆகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். வரமாட்டேன் என்ற அப்பாவையும் விடாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்பா வரலாற்று வாத்தியார். போன வருஷம் ரிட்டையர் ஆனவர். முன்பெல்லாம் டிவியில் செய்தி வாசிக்கிறவர் ஒரு வருஷத்தை மாற்றிச் சொன்னால் போதும், அவருக்கே கேட்கிற மாதிரி கத்தித் திருத்துவார். பள்ளிக்கூடம் போவது நின்றதும் பேச்சும் நின்றுவிட்டது. சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார், படுத்துக்கொள்வார். "உடம்புல ஒண்ணுமில்லை. மனசு விட்டுப்போச்சு. இப்படியே இருந்தா நல்லதில்லை" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா சமையலறையில் தனியாக அழுவது மகளுக்குத் தெரியும்.

வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவரே உள்ளே வந்து கைடாகவும் நின்றார். சின்ன மியூசியம், எல்லாமே ஒரே ஆள் போலிருக்கிறது. அம்மாவைப் பார்த்ததும், "வாங்கம்மா, நீங்கதானே அந்த..." என்று ஆரம்பித்தார்.

அம்மா பலமாக இருமினாள். வரும்போது நன்றாகத்தானே இருந்தாள், அதற்குள் எங்கே சளி பிடித்தது?

கைடு சுவரில் இருந்த குறுகலான இடுக்கைக் காட்டினார். "இது எதுக்குன்னா, உள்ள துணி காயப்போட்டா வெயில் வரணுமில்ல, அதுக்கு."

மகள் அம்மாவின் காதைக் கடித்தது அப்போதுதான். அப்பாவின் தொண்டையில் ஏதோ உறுமியது. மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பா அந்த இடுக்கையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அறையில் ஒரு உருண்டைக் கல். 'பீரங்கிக் குண்டு' என்று பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அந்தக் காலத்துப் பசங்க பந்து விளையாடுறது" என்றார் கைடு.

வந்திருந்த நாலைந்து பேரும் பலகையைப் பார்த்தார்கள், கைடைப் பார்த்தார்கள், திருதிருவென்று விழித்தார்கள். ஒரு அம்மாள் அந்தக் கல்லை இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்துவிட்டு, "எந்த வீட்டுப் பசங்கப்பா?" என்றாள்.

கைடு காதில் வாங்காமல், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரும்புத் தலைக்கவசத்துக்குப் போய்விட்டார். "இது சமையல் பாத்திரம். இந்த ரெண்டு ஓட்டை இருக்கே, அது தண்ணி வடிக்க."

"யோவ்!"

அறையே அதிர்ந்தது. கத்தியது அப்பா.

"மூக்குக்கு மூக்கு இருக்கு, கண்ணுக்குக் கண்ணு இருக்கு, இதுலயாய்யா வடிகட்டுவாங்க? தலையில மாட்டுறதைத் தூக்கி அடுப்புல வைக்கிறியே! அந்த இடுக்கு அம்பு விடுறதுக்கு! வெளிப்பக்கம் குறுகல், உள்பக்கம் அகலம். ஏன்? சொல்லுங்க பார்க்கலாம்."

எல்லாரும் அப்பாவைச் சுற்றி நெருங்கினார்கள்.

"உள்ள இருக்கிறவன் இப்படியும் அப்படியும் திரும்பிக் குறி பார்க்கணும். வெளிய இருக்கிறவனுக்கு இவன் தெரியக் கூடாது. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்குதா? வாங்க, இந்தப் பக்கம் வாங்க."

கூட்டம் கைடை விட்டுவிட்டு அப்பாவின் பின்னால் போனது. அப்பா பந்தை மறுபடியும் குண்டாக்கினார், சுவர் ஏன் இவ்வளவு கனம் என்று கேள்வி கேட்டார். தப்பாகப் பதில் சொன்ன ஒருவரை, "கவனிக்கிறதே இல்லை" என்று கடிந்துகொண்டார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் குரல் இனிமேல் கேட்கவே கேட்காது என்று நினைத்திருந்தாள்.

கடைசியில் அப்பா கைடிடம் திரும்பி வந்தார். "உங்க மேலதிகாரி யாரு? நான் பார்க்கணும். ஊர் ஜனத்துக்குப் பொய் சொல்லிக் குடுக்கிறீங்க!"

கைடின் முகத்தில் ஈயாடவில்லை. மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அப்பாவுக்குப் பேச்சு வந்தது நல்லதுதான், அதற்காக ஒருவர் பிழைப்பு போக வேண்டுமா?

"விடுங்களேன், பிள்ளைகுட்டிக்காரர் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா, உள்ளே வந்த பிறகு முதல் முறையாக.

அப்பா கைடை ஏற இறங்கப் பார்த்தார். குரல் இறங்கியது.

"சரி தம்பி. யார்கிட்டயும் சொல்லலை. ஆனா இப்படியே விட்டா நீங்க தேறமாட்டீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வரேன். நல்லா கேட்டுக்கணும், சரியா?"

"சரிங்க சார்" என்று கைடு கையைக் கட்டிக்கொண்டார்.

அப்பா படியிறங்கினார். அவர் முற்றத்துக் கிணற்றைக் காட்டி அடுத்த பாடத்தை ஆரம்பித்தது மேலே வரை கேட்டது. மகளும் பின்னாலேயே போனாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கைடிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று திரும்பி ஏறினாள்.

வாசல் தாண்டுவதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"போன்ல நான் கேட்டபடியே பண்ணீங்க தம்பி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அடுத்த ஞாயித்துக்கிழமை மட்டும் தப்பைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, தலைக்கவசத்துல வடிகட்டினா அவருக்கே சந்தேகம் வந்துடும்."