யோகேஸ்வரியின் சொல்

மலேசியாவின் கிள்ளானில் ஆசிரியையாக இருக்கும் யோகேஸ்வரியை மருந்துக்கடையின் இயந்திரக் குரல் மாதாமாதம் அழைத்து மாத்திரையை நினைவூட்டும். அன்று அது கேட்டது: “என்னா அக்கா, குரலே சரியில்ல. மனசு ஜாம் ஆயிடுச்சா லா?”

அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டாள். கருவிலேயே குழந்தையை இழந்த நாட்களில், “மனசு ஜாம், யாரும் கூப்பிடாதீங்க” என்று தோழியரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியவள் அவள்தான்; அது அவளே உண்டாக்கிய சொல். “மக்கான் ஆச்சாடி? நான் ஃபுல் டயர்ட்” என்று, சாப்பாட்டை விசாரிப்பதற்குக்கூடத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் அந்தக் குழுவில் அவளோடு லோகினி, ரூபாவதி என மூவர்தான். முதலில் லோகினியிடம் கேட்டாள்; தான் யாரிடமும் சொல்லவில்லை என்றாள் லோகினி. அடுத்து யோகேஸ்வரி ரூபாவதியை அழைத்தாள்.

“நம்ம குழுவுல எழுதினதை யாருக்காச்சும் குடுத்தியா?”

“கடைகளுக்கு இயந்திரக் குரல் செய்யிற கம்பெனி கேட்டாங்க.” என்றாள் ரூபாவதி. “ நாம கலந்து பேசுற மாதிரி அவங்களுக்கு எங்கயும் கிடைக்கலையாம். பேரெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுத்தேன். உன்னோடதுன்னு யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுதே, ரூபா.”

“ஊரே இப்ப கலந்துதான் பேசுது. அதுல என்ன தப்பு?”

யோகேஸ்வரி அழைப்பைத் துண்டித்தாள். ஆனால் குழுவைவிட்டு விலகவில்லை. லோகினியின் பிறந்தநாளன்று, “அன்புத் தோழிக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்” என்று எழுதினாள்.

லோகினி உடனே கேட்டாள்: “ஏன்டி, என் மேல கோவமா?”

யோகேஸ்வரி வழக்கம்போலக் கலப்புப் பேச்சிலேயே பதில் தட்டத் தொடங்கினாள். பாதியில் அதை அழித்துவிட்டு, “இல்லை. நான் நலமாக இருக்கிறேன்” என்று அனுப்பினாள்.