ஒரு சைஸ் பெருசு

"நான் சொல்லுதேன் கேளுங்கம்மா, ஃபுல் டவரே எடுங்க. சின்ன கேபினட்டு உங்களுக்குச் சரிப்படாது."

சுப்ரஜாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆரம்பிச்சிட்டார் கடைக்காரர்.

வீடு கட்டுகிறவர்களுக்கு 3D படம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு அரை நாள் எடுத்தது. பவர் உள்ளதாக ஒன்று அசெம்பிள் பண்ணலாமென்று ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் ஏறி தூத்துக்குடி வந்திருந்தாள். தனியாக.

அதில்தான் விஷயமே. போன வருஷம் அவள் தனியாகப் போய் வாங்கின இன்வெர்ட்டர் ஆறே மாசத்தில் படுத்துவிட்டது. அதை அவள் புருஷன் கேஷவ் ஒரு கல்யாண வீடு பாக்கியில்லாமல் சொல்லிச் சிரித்தாயிற்று.

"இந்தத் தடவை ஏமாறாம வந்துட்டா, ஜென்மத்துக்கும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்" என்று காலையில் வாக்குக் கொடுத்திருந்தான். கம்ப்யூட்டரைவிட அந்த வாக்குதான் அவளுக்குப் பெரிசாக இருந்தது.

"மிட் டவர் போதும் அண்ணாச்சி" என்று, பாகங்களையெல்லாம் வைக்கிற பெட்டிகளில் நடுத்தரமானதைக் காட்டினாள்.

"நம்ம ஊரு வெக்கைக்கு உள்ள காத்து ஓடணும்லா?"

"இதுலயும் முன்னாடி மூணு ஃபேன் இருக்கு. நல்லாவே ஓடும்."

"கிராபிக்ஸ் கார்டு பெருசுல்லாம்மா."

"முப்பத்தி மூணு சென்டிமீட்டர். இதுல முப்பத்தெட்டு வரைக்கும் போகும். அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கு, பாருங்க."

கடைக்காரர் செந்தூர்வேல் அண்ணாச்சி அட்டைப் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். மூன்று வாரம் படித்துவிட்டு வந்தவளிடம் பாவம், அவர்தான் என்ன செய்வார்.

"அதோட வீட்டு மேஜையில இதுக்குன்னு அளவெடுத்து இடம் விட்டாச்சு. பெருசு அதுக்குள்ள போகாது" என்றாள்.

அண்ணாச்சி உள்ளறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி, ஒண்ணு செய்வோம். சின்னதுக்கு என்ன விலையோ அதே விலைக்குப் பெருசைத் தாரேன். எடுத்துக்கோங்க."

அங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார். நாலாயிரம் ரூபாய் கூடின சரக்கை எந்த வியாபாரி சும்மா தூக்கிக் கொடுப்பான்? உப்புக் காற்றில் எங்கேயாவது துருப் பிடித்திருக்கும். இல்லையென்றால் வருஷக்கணக்காக விலை போகாமல் கிடந்திருக்கும்.

"ஏன் அண்ணாச்சி, அதை யாரும் வாங்க மாட்டேங்கிறாங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியெல்லாம் இல்லம்மா. உங்க இஷ்டம்" என்று மிட் டவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சுப்ரஜா கேஷவுக்குச் செய்தி அனுப்பினாள். 'பெருசை என் தலையில கட்டப் பார்த்தார். நான் அசையலை.'

'நம்ப முடியலை. வீட்டுக்கு வா, நானே பாயசம் வைக்கிறேன்' என்று பதில் வந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்க உள்ளறை வாசல் வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அசெம்பிள் பண்ணுகிறவருக்கு நாற்பது வயசிருக்கும். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. கூலருக்கும் போர்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் மிச்ச விரல்களை விட்டு ஒரு வயரைச் சொருகப் பார்த்தார். நழுவியது. மறுபடி விட்டார். மறுபடியும் நழுவியது. தகரம் கீறி புறங்கையில் ரத்தம் வந்திருந்தது. பக்கத்தில் அண்ணாச்சி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வேணா சொருகட்டுமா ஜெனிஸ்?"

"வேண்டாம் அண்ணாச்சி. இதுகூட முடியலைன்னா எனக்கு எதுக்குச் சம்பளம்?"

"ஹார்பர்ல விரல் போனா தொழிலும் போயிருமாலே? பெருசுன்னா உன் கை தாராளமா உள்ள போகும்னுதான் அந்தம்மாட்ட கெஞ்சாத குறையாக் கேட்டேன். நான் என்னமோ ஏமாத்துதேன்னு நினைச்சிட்டாங்க."

சுப்ரஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. சத்தம் போடாமல் கவுன்ட்டருக்குத் திரும்பி வந்து, அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க."

"இந்தா, முடிஞ்சிரும்மா."

"அது இல்ல. யோசிச்சுப் பார்த்தேன், பின்னாடி இன்னொரு கார்டு போட வேண்டியிருக்கும். பெருசாவே மாத்திருங்க."

"மேஜைக்குள்ள போகாதுன்னீங்களே?"

"பக்கத்துல நிறுத்திக்கிறேன். விலையும் ஸ்டிக்கர்ல உள்ளதையே போடுங்க. குறைச்சீங்கன்னா எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துரும்."

அண்ணாச்சி உள்ளறை வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபுல் டவரை அலமாரியிலிருந்து இறக்கினார்.

அவ்வளவு பெரிய கேபினட்டுக்கு உள்ளறை மேஜை போதவில்லை. கவுன்ட்டர் மேலேயே வைத்து, சுப்ரஜாவுக்கு எதிரே நின்று ஜெனிஸ் மாட்டினார். வயர் முதல் தடவையிலேயே உட்கார்ந்தது.

"நல்ல கேபினட்டு மேடம். விவரம் தெரிஞ்சவங்கதான் இதை எடுப்பாங்க" என்றார்.

போன் அடித்தது. கேஷவ்.

"கிளம்பிட்டியா? மிட் டவர்தானே?"

"இல்ல. ஃபுல் டவர்."

அந்தப் பக்கம் கேஷவ் சிரித்த சிரிப்பு கவுன்ட்டரைத் தாண்டியும் கேட்டது. "அப்ப கடைசியில கடைக்காரர் பேச்சுல மயங்கிட்டே?"

பில் எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கை நின்றது. ஜெனிஸ் குனிந்து ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமா. இந்தத் தடவையும் ஏமாந்துட்டேன்" என்றாள் சுப்ரஜா.