நடை பழகும் வயது

குழந்தை நலத் திட்டம் எப்படி நடக்கிறது என்று ஊர் ஊராக மதிப்பிட வந்த அதிகாரி, கேள்வி கேட்டே களைத்துப் போயிருந்தாள். எல்லா அம்மாக்களும் விட்டத்தைப் பார்த்தார்கள். இந்த ஊர் குழந்தைகள் மையத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்த இவள்தான் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னாள்.

"பையன் எப்ப நடந்தான்?"

"போன மாசம் மேடம். நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நின்னவன், சட்டுனு கைய விட்டுட்டான்."

"தூக்கம்?"

"என் காதப் பிடிச்சாதான் கண்ண மூடுவான்."

"இப்படி ஒரு அம்மா கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்!"

வாசலில் கார் நின்றது. இறங்கி வந்தவளைப் பார்த்ததும் பிள்ளை மடியிலிருந்து நழுவி, "அம்மா!" என்று தத்தித் தத்தி ஓடினான்.

"நான் இவனப் பாத்துக்கற ஆளு மேடம்," என்றாள் இவள். "என் பையன் ஊர்ல, தங்கச்சிகிட்ட. இவன் வயசுதான்."

"அவனும் நடக்குறானா?"

காலியான மடியைத் தடவிக்கொண்டாள்.

"நேத்து தங்கச்சி போன்ல காட்டினா. விழப்போறானேன்னு கைய நீட்டிட்டேன்."