கேக்கில் மட்டும் கொடி

"இவங்கடை உடம்பிலை ஓடுறது இரத்தமில்லை, யோசேப் அண்ணை. பால்."

குலேந்திரன் ரப்பர் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டான்.

டென்மார்க்கில், கோல்டிங் துறைமுகத்தை ஒட்டிய மீன் தொழிற்சாலை. 1986 ஓகஸ்ட். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

அன்று காலை முதலாளி மீன் வரும் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிவிட்டார். மூன்று மீன் வெட்டிய நேரத்தில் இனி நாலு வெட்ட வேண்டும். கோப்பி நேரத்திலும் பத்து நிமிடம் குறைப்பு.

அறுபது டெனிஷ்காரரில் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. வெட்டினார்கள்.

"யாழ்ப்பாணம் எண்டால் இண்டைக்குக் கடை பூட்டியிருக்கும். பஸ் ஓடியிராது."

அதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. மாணவர் ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்து, இடது தோள்மூட்டு விலகும்வரை அடி வாங்கியவன்.

யோசேப் மன்னார்க்காரர். நாற்பது வயது. டெனிஷ் வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறவர்.

"போன வருஷம் இஞ்சை நாடு முழுக்க ஸ்ட்ரைக் நடந்ததாம், தம்பி."

"நடந்ததாம்! நான் கண்டனானே?"

"சரி, நீயும் வெட்டிக்கொண்டுதானே நிண்டனி?"

"நான் அகதி அண்ணை. தை மாதம் என்ரை மனுசி செல்வமலர் வரப்போறா. வேலைக் கடிதத்தைக் காட்டித்தான் வீடு கேட்டிருக்கிறன். இவங்களுக்கு என்ன? ஆஸ்பத்திரி சும்மா. வேலை போனாலும் சாப்பாடு வரும். கிழடானால் பென்சன். வயிறு நிறைஞ்சவன் ஏன் தெருவுக்கு வாறான்?"

வேலை முடிந்ததும் சாப்பாட்டு மண்டபத்தில் சங்கக் கூட்டம் என்றார்கள். குலேந்திரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முன் கதிரையில் போய் இருந்தான்.

தொழிற்சங்கப் பிரதிநிதி பிரெபன் வந்து அவன் தோளில் கை வைத்தார். யோசேப்பிடம் ஏதோ சொன்னார்.

"எங்களை வீட்டை போகட்டாம்."

"ஏன்?"

"இது எங்களுக்கு இல்லையாம்."

அடுத்த நாள் காலை எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள். வழக்கம்போலக் கைகழுவினார்கள். பெல்ட் ஓடியது.

"கூடிக் கோப்பி குடிச்சுப்போட்டுப் போயிருக்கிறாங்கள்" என்றான் குலேந்திரன். "அதுக்கும் எங்களைச் சேர்க்கேல்லை."

ஒக்டோபரில், அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் கெர்டாவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வயது மனுஷி. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து வெட்டினாள்.

அவளுடைய பிறந்தநாளும் அந்தக் கிழமைதான் வந்தது. கேக் செய்து கொண்டு வந்திருந்தாள். கேக்கின் நடுவில் ஒரு சின்ன டெனிஷ் கொடி.

"பார்த்தியளே அண்ணை, கொடி பிடிக்கிறாங்கள். கேக்கிலை."

அவனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தெரிந்த டெனிஷை எல்லாம் பொறுக்கி எடுத்து, மண்டபத்துக்கே கேட்கும்படி கெர்டாவிடம் சொன்னான்:

"உன் கை நோவு. நீ பேசவில்லை. நீங்கள் எல்லாரும் பயம். வயிறு நிறைய, வாய் இல்லை!"

யோசேப் தலையைக் குனிந்துகொண்டார்.

கெர்டா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிரெபனையும் பார்த்தாள். பிறகு கேக் துண்டை அவன் தட்டில் வைத்து, கிரீம் கூட வேண்டுமா என்று கேட்டாள்.

"மானம் கெட்ட சனம்" என்றான் குலேந்திரன். தமிழில்.

நவம்பர் நடுப்பகுதி, ஒரு புதன்கிழமை. காலையில் இருவரும் சைக்கிளில் வந்தபோது தொழிற்சாலை வாசலில் கூட்டம். மழையில் அறுபது பேரும் நின்றார்கள். உள்ளே பெல்ட் ஓடவில்லை. முன்வரிசையில் கட்டுப்போட்ட கையோடு கெர்டா.

குலேந்திரன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

"முழிச்சிட்டாங்கள் அண்ணை! கேளுங்கோ, ஏன் இவ்வளவு நாளும் விட்டுட்டு இண்டைக்கு? என்ன நடந்ததாம்?"

யோசேப் பிரெபனிடம் கேட்டார். பிரெபன் இரண்டு மூன்று வசனம்தான் சொன்னார். யோசேப் தொப்பியைக் கழற்றினார். மழை தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னவாம், அண்ணை?"

"அண்டைக்குச் சங்கக் கூட்டத்திலையே ஸ்ட்ரைக் எண்டு எல்லாரும் கை உயர்த்திப்போட்டினமாம். அப்ப கெர்டா எழும்பி, 'அந்த ரெண்டு புது ஆக்களுக்கும் என்ன நடக்கும்?' எண்டு கேட்டவவாம்."

"என்ன நடக்கும்?"

"மூண்டு மாசம் ஆகாத ஆளை முதலாளி காரணம் சொல்லாமலே வேலையாலை நிப்பாட்டலாமாம், தம்பி. எங்கடை மூண்டு மாசம் நேற்றோடைதான் முடிஞ்சுதாம்."