நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருக்கிறது

கார்ப் பந்தயத் தகவல் கருவிக்குக் கையேடு எழுதுவது பெனிட்டாவின் வேலை. படிக்கப்போவது மனிதர்கள் அல்ல, பந்தயப் பதிவுகளைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ ஏஜெண்டுகள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் எழுதியதை யாரோ வரி விடாமல் படிக்கிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அக்கா, இந்த நாற்பத்தொண்ணாம் நம்பர் கார் இன்னும் ஓடிட்டே இருக்குன்னு ஏஜெண்ட் சொல்லுது," என்று சிரித்தான் பக்கத்து இருக்கை கௌசிக். "போன வருஷத்து ரேஸ் அக்கா இது! பெட்ரோல் யாரு போடுறா?"

அவன் வேலைக்குப் புதிது. அந்தக் காரை ஓட்டியவன் அவளுடைய தம்பி ஜெரால்டு என்று அவனுக்குத் தெரியாது. கடைசிச் சுற்றில் கார் சுவரில் மோதி ஜெரால்டு அங்கேயே போய்விட்டான். அந்தச் சுற்றுக்கு முடிவு நேரம் பதிவாகவில்லை. முடியாதது ஓடிக்கொண்டுதானே இருக்க வேண்டும் என்று ஏஜெண்ட் நம்பிவிட்டது.

"கையேட்டுல ஒரு வரி சேர்த்தா சரியாயிடும்க்கா."

'முடிவு நேரம் இல்லாதவன் திரும்பி வரமாட்டான்' என்று எழுதினாள். கையேட்டுக்கு ஆகாத வரி. அழித்துவிட்டு, 'முடிவு நேரம் இல்லையென்றால் கார் நின்றுவிட்டதாகக் கொள்க' என்று ஒழுங்காக எழுதினாள். சேமிக்கும் முன் ஏஜெண்டிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "நாற்பத்தொன்று எங்கே?"

"ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை."

"என்னக்கா, சேர்த்தாச்சா?"

"நாளைக்குச் சேர்த்துக்கலாம் கௌசிக்," என்றாள் பெனிட்டா. "இன்னிக்கு ஓடட்டும்."