குமுதா நீட்டிய கைப்பேசி

மலேசியாவில், செமோரில் குமுதா வீட்டுச் சோபாவின் மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். சாயங்கால வெயில் வாசல் கிரில் வழியே என் கைலியில் கம்பி கம்பியாக விழுகிறது. இத்தாலியில் பிள்ளை பெற்ற அவள் மகளுக்கு நாற்பது நாளாகச் சமைத்துப்போடும் இத்தாலிக்காரச் சம்பந்தியம்மாள் கைப்பேசித் திரையில் காத்திருக்கிறார். மொழிபெயர்க்க வேண்டிய மகள் அசந்து தூங்குகிறாள். "பத்து வருசம் இத்தாலிக் கப்பல்ல சமைச்சீங்கல்ல அண்ணே, என்னால போக முடியல, நீங்களாச்சும் நன்றி சொல்லுங்க லா" என்று கண் கலங்கக் கைப்பேசியை என் மூக்கருகே பிடிக்கிறாள் குமுதா. அது நான் அளந்த கதை; நான் ஏறிய ஒரே கப்பல் லூமுட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் போகும் படகு. தெரிந்த ஒரே சொல்லான "கிராட்ஸியே"யை மூன்று முறை சொல்கிறேன். "பாசத்தையும் சொல்லுங்கண்ணே." அதற்கு என்னிடம் சொல் இல்லை. திரையை இரு கையாலும் வழித்து, என் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிக்கிறேன். "அங்கயும் இப்படித்தானா?" "அங்கேருந்துதாம்மா நமக்கே வந்துச்சு." திரையில் அந்த அம்மாளும் விரல்களை மடக்கி நெற்றியில் அழுத்திப் பார்க்கிறார், சிரிக்கிறார், அழுகிறார். குமுதாவும் அழுகிறாள். பிறகு முகத்தைத் துடைத்து, நாற்காலியை வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டுப் புத்தகத்தை விரிக்கிறாள். "நாளைக்கு நானே பேசணும். ஆரம்பிங்கண்ணே."